முப்பத்து மூன்று கம்பத் தூரம்

2024 நவம்பர் 17, ஞாயிற்றுக்கிழமை, காலை ஆறு மணி பத்து நிமிடம். இரவெல்லாம் விட்டு விட்டுத் தூறிய மழை நாலரைக்கு நின்றிருந்தது. வானம் மூடியே கிடந்தது. விடிந்துவிட்டது என்று கடிகாரத்தைப் பார்த்தால்தான் நம்ப முடியும். காற்று இல்லை. என் வீட்டு வாசலிலிருந்து ஏரியின் இரும்புக் கதவு வரை, எட்டு வைத்து எண்ணினால், ஆயிரத்து நூற்று நாற்பது. அன்று சாலையில் தேங்கிய தண்ணீரைச் சுற்றிப் போனதில் முப்பத்தொன்று கூடிவிட்டது. குடையை என் மனைவி கையில் திணித்திருந்தாள். எட்டுக் கம்பிகளில் மூன்று ஒடிந்த குடை. விரித்தால் மூடாது, மூடினால் விரியாது.

எங்கள் ஏரி தானாக உண்டானதல்ல. யாரோ நின்று வெட்டியது. கரை, மதகு, மிஞ்சிய நீர் வெளியேறக் கலங்கல் என்று எல்லாம் கணக்காகச் செய்திருக்கிறார்கள். எத்தனை ஆண்டுப் பழமை என்று வாசலில் ஒரு பலகை சொல்லும், ஆனால் பெயின்ட் உரிந்து எண்ணில் இரண்டு சுழியம் மட்டும்தான் மிச்சம். அதற்கு முன்னால் என்ன இலக்கம் இருந்தது என்று கேட்டு இரண்டு முறை மனு எழுதினேன். பதில் இல்லை. இப்போது கரைமேல் நடைபாதை போட்டு, வேலி அடைத்து, விளக்குக் கம்பம் நட்டிருக்கிறார்கள். கம்பங்களுக்கு எண் எழுதியவன் எழுபத்தொன்றை இரண்டு கம்பத்தில் எழுதிவிட்டான். அதனால் அவர்கள் கணக்கில் நூற்றுப் பதினொன்று. உண்மையில் நூற்றுப் பன்னிரண்டு. இந்தக் குறிப்பில் நான் சொல்வதெல்லாம் என் எண்.

ஆவடியில் ராணுவத் தளவாடம் செய்யும் தொழிற்சாலையில் இருபத்தொன்பது வருடம் தரச் சோதனைப் பிரிவில் இருந்தவன் நான். வருகிற பாகங்களை அளந்து, எண்ணி, தேறியதற்கு முத்திரை குத்துவதும் தேறாததற்குச் சிவப்புப் பெயின்ட் அடிப்பதும் வேலை. என்னோடு நடப்பவர் அதே தொழிற்சாலையில் வெல்டர். திருநெல்வேலிப் பக்கத்துக் கத்தோலிக்கர். ஓய்வுபெற்றுக் கோவில்பதாகையில் வீடு கட்டிக்கொண்டவர். நாற்பது வருடம் ஆவடியில் இருந்தும் அவர் பேச்சு தாமிரபரணியைத் தாண்டவில்லை. என்னை அண்ணாச்சி என்றுதான் கூப்பிடுவார். அவர் பற்றவைத்ததில் மூன்று இணைப்புகளை என் காலத்தில் நான் திருப்பி அனுப்பியிருக்கிறேன். நான்கு என்று அவர் சாதிப்பார். மூன்றுதான்.

'நடப்பவர்' என்று எழுதிவிட்டேன். அப்படியே இருக்கட்டும்.

ஏழு வருடமாக ஞாயிறுதோறும் இருவரும் சேர்ந்து ஏரியை ஒரு சுற்று வருவோம். அதன்பின் அவர் எட்டு மணிப் பூசைக்குப் போவார், நான் வீட்டுக்கு. அந்த வருடம் மார்ச்சில் அவர் மனைவி இறந்தார். அடக்கத்தன்று வந்தவர்களுக்குக் காபி கொடுக்கும் பொறுப்பை என்னிடம் விட்டார்கள். டிரம் பக்கத்தில் நின்று, எத்தனை கப் போகிறது, இன்னும் எத்தனை வேண்டும் என்று எண்ணிக்கொண்டிருந்தேன். எண்ண வேண்டிய வேலை, எண்ணினேன்.

மூன்றாம் நாள் அவர் வீட்டுக் கூடத்தில் ஊர்க்காரர்கள் நாலைந்து பேர் இருந்தார்கள். அவர் என்னைப் பார்த்து, "ஊரே தெரண்டு வந்துட்டுல்லா அண்ணாச்சி. ஐநூறு பேருக்குக் கொறையாது" என்றார்.

"ஐநூறு இல்லய்யா. நூத்தி எண்பத்து மூணு. நான் எண்ணினேன்" என்றேன்.

ஏன் சொன்னேன் என்று இன்றுவரை எனக்குத் தெரியவில்லை. தப்பான எண் காதில் விழுந்தால் சரியான எண் வாயில் வந்துவிடுகிறது.

"என் பொஞ்சாதி பெட்டிக்கு முன்னால நின்னு தலையவா எண்ணிக்கிட்டு இருந்தீரு?" என்றார். தோளில் கிடந்த துண்டை எடுத்து உதறிவிட்டு உள்ளே போனார். ஊர்க்காரர்கள் என்னைப் பார்க்காமல் தரையைப் பார்த்தார்கள்.

அடுத்த ஞாயிறு ஆறு பத்துக்கு ஏரி வாசலில் இருவரும் நின்றோம். நான் வழக்கம்போல் இடப்பக்கமாகத் திரும்பினேன். அவர் ஒரு வார்த்தை சொல்லாமல் வலப்பக்கம் திரும்பினார். அன்று முதல் அப்படித்தான். நேரத்தை மாற்றிக்கொள்ள இருவருக்கும் மனம் வரவில்லை. மாற்றினால் தோற்ற மாதிரி. ஆனால் வட்டத்தில் எதிரெதிராக நடப்பவர்கள் எங்காவது ஓரிடத்தில் சந்தித்தே தீர வேண்டும். ஐம்பத்தாறாவது கம்பத்தில், பழைய மதகுக்குப் பக்கத்தில் சந்தித்தோம். அவர் கையில் ஜெபமாலை. உதடு அசைந்தது, கண் ஏரித் தண்ணீர்மேல் இருந்தது. தண்ணீரில் என்ன இருக்கிறது பார்க்க? ஆகாயத்தாமரை. நானும் பார்த்தேன். கடந்து போனோம்.

மழையால் கெட்ட மூன்று வாரம் போக, இப்படி முப்பத்தொரு ஞாயிறு. என் மனைவி சொன்னாள், "நீங்க முதல்ல பேசினா உங்க கணக்குல ஒண்ணு குறைஞ்சிடுமா?" அவள் கேட்டதும் முப்பத்தொரு முறை இருக்கும்.

இதற்கிடையில் ஒன்று நடந்தது. சந்திக்கும் இடம் நகர ஆரம்பித்தது. ஜூனில் ஐம்பத்தெட்டாவது கம்பம். ஆகஸ்டில் அறுபது. அக்டோபரில் அறுபத்திரண்டு. நவம்பர் பத்தாம் தேதி அறுபத்து நான்கு. என் வேகம் மாறவில்லை. சுற்று முடிக்க நாற்பத்திரண்டு நிமிடம், மார்ச்சிலும் நவம்பரிலும். அப்படியானால் அவர் வேகம் குறைந்திருக்கிறது. எனக்கு எழுபத்து நான்கு வயது, அவருக்கு எழுபத்திரண்டு. உண்மையைச் சொல்லிவிடுகிறேன்: அறுபதாவது கம்பம் வரை எனக்கு அது சந்தோஷமாக இருந்தது. இரண்டு வயது சின்னவரை நான்கு கம்பம் முந்தியிருக்கிறேன் என்று வீட்டில் சொல்லிக்கூடக் காட்டினேன். அறுபத்திரண்டில்தான் சொல்லிக் காட்டுவதை நிறுத்தினேன். இப்படித் தேயும் பாகத்தைத் தொழிற்சாலையில் கண்டிருந்தால் அன்றே எழுதிக் கொடுத்திருப்பேன். அவர் மகன் ஓசூரில் இருக்கிறான். எண் என்னிடம் இருக்கிறது. கூப்பிட்டு என்ன சொல்வது? உன் அப்பா ஆறு கம்பம் பின்தங்கிவிட்டார் என்றா?

சரி, நவம்பர் பதினேழு.

வாசலில் அவர் எனக்கு முன்பே வந்து நின்றிருந்தார். சட்டைக்குமேல் மகன் வாங்கித் தந்த நீலக் கம்பளிச் சட்டை. ஆறு பத்துக்கு நான் இடம், அவர் வலம். பாதை நனைந்து பாசி வழுக்கியது. ஒன்பதாவது கம்பத்தில் விளக்கு எரியவில்லை. இருபத்து மூன்றில் பெஞ்சின் இரண்டு பலகையை யாரோ கழற்றிப் போயிருந்தார்கள். நாற்பதில் நாய்கள் ஐந்து. மதகு வந்தது, போனது. அறுபத்து நான்கு வந்தது. அவர் இல்லை.

அறுபத்தாறு. இல்லை. எழுபத்தொன்று, அவர்கள் எழுதிய இன்னொரு எழுபத்தொன்று. இல்லை. என்னைப் பார்க்கப் பிடிக்காமல் திரும்பிப் போய்விட்டார் என்று முதலில் நினைத்தேன், கோபம்கூட வந்தது. காதில் எதையோ மாட்டிக்கொண்டு ஓர் இளைஞன் எதிரில் ஓடி வந்தான். அவனைக் கேட்டிருக்கலாம். கேட்கவில்லை.

எழுபத்தொன்பதாவது கம்பத்தடியில் சிமென்ட் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். இடது கையால் நெஞ்சை நீவிக்கொண்டிருந்தார். வலது கையில் ஜெபமாலை. முகம் ஈரமாக இருந்தது, மழை இல்லாமலே. மணி ஆறு நாற்பது.

நான் நின்றேன். எட்டு மாதம் கழித்து முதலில் பேசியது அவர்தான்.

"என்ன அண்ணாச்சி, அறுவத்துநாலைத் தாண்டி என்னத் தேடியா வந்தீரு?"

"நீங்களும் எண்ணுவீங்களா?"

"உம்மகூட ஏழு வருசம் நடந்தா எருமமாடும் எண்ணும்."

பக்கத்தில் உட்கார்ந்தேன். என்ன செய்கிறது என்று கேட்டேன்.

"வாயு. நேத்து ராத்திரி மொச்சக்கொட்டைக் கொழம்பு. நம்ம கைவரிசைதான், நானே வச்சது. ஒரு ஏப்பம் வந்தா சரியாப் போவும்."

வாயு என்று அவர் சொன்னதை நான் அப்படியே எடுத்துக்கொண்டேன். எங்கள் வயதில் நெஞ்சில் வருவதெல்லாம் வாயுதான் என்று சொல்லிக்கொள்கிறோம். என் சட்டைப் பையில் எப்போதும் ஓமம் இருக்கும். ஒரு சிட்டிகை கொடுத்தேன். மென்றார். ஏப்பம் வரவில்லை.

இருவரிடமும் போன் இல்லை. என் போன் எட்டுகளைத் தப்பாக எண்ணுகிறது என்று அதை வீட்டிலேயே வைத்துவிட்டு வருகிறவன் நான். ஜெபத்துக்கு இடைஞ்சல் என்று அவரும் கொண்டு வருவதில்லை. வாசலுக்கு நான் வந்த வழியில் திரும்பினால் எழுபத்தொன்பது கம்பம், அவர் வந்த வழியில் முப்பத்து மூன்று. "முப்பத்து மூணுதான். நான் போய் வாசல்ல இருக்கற காவலாளியைக் கூட்டிட்டு வரேன்" என்றேன்.

"எதுக்கு? நடப்போம் வாரும். ரெண்டு பேருமாப் போவோம்" என்றார்.

இங்கேதான் நான் தவறினேன். என் நடைக்கு முப்பத்து மூன்று கம்பம் பன்னிரண்டரை நிமிடம். அவரைப் பெஞ்சில் உட்கார வைத்துவிட்டு நான் மட்டும் போயிருக்க வேண்டும். அந்தக் கணக்கு அப்போதே என் தலையில் இருந்தது. ஆனால் ரெண்டு பேருமாப் போவோம் என்று எட்டு மாதத்துக்குப் பின் ஒருவர் கூப்பிடும்போது, இல்லை, நீங்கள் இங்கேயே இருங்கள் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. எழுந்தேன். அவர் என் தோளைப் பிடித்துக்கொண்டார்.

மூன்று கம்பத்துக்கு ஒரு முறை நின்றோம். கம்பத்துக்குக் கம்பம் எனக்கு முப்பத்தேழு எட்டு. அன்று அவருக்கு ஐம்பத்திரண்டு ஆயிற்று. நீர்க்காக்கை ஒன்று நீரில் கிடந்த மட்டைமேல் சிறகை விரித்து நின்றது, காய வெயில் இல்லாமல். மூன்றாவது நிறுத்தத்தில் வேலியைப் பிடித்துக்கொண்டு கேட்டார்:

"அன்னைக்கு எத்தன பேருன்னு சொன்னீரு?"

"விடுங்கய்யா. நான் சொன்னது தப்பு."

"தப்பா சரியான்னு நான் கேக்கல. எத்தன?"

"நூத்தி எண்பத்து மூணு."

"அதுல நீரு உண்டுமா?"

யோசித்தேன். நான் டிரம் பக்கத்தில் நின்றிருந்தேன். காபி குடிக்கவில்லை.

"இல்ல."

"உம்ம வீட்டம்மா?"

"அவ உள்ள, உங்க வீட்டம்மா தலைமாட்டுல உக்காந்திருந்தா. வெளியவே வரல. அவளும் இல்ல."

"நானு? எம் மவன்? மருமவ? ஊர்லேர்ந்து வந்து முத்தத்துல விழுந்து கெடந்தாளே கொழுந்தியா, அவ?"

அவர்களில் ஒருவரும் டிரம் பக்கம் வரவில்லை.

"இருவத்தொம்பது வருசம் இன்ஸ்பெக்ஷன்ல இருந்தீரு. அழுதவன் ஒருத்தனையும் எண்ணல. காபி குடிச்சவனத்தான் எண்ணிருக்கீரு." மூச்சு வாங்கியது, ஆனாலும் முகத்தில் சிரிப்பு. "உம்ம கணக்கு ரிஜெக்ட், அண்ணாச்சி. செவப்புப் பெயின்ட் எடுத்துட்டு வாரும்."

நான் சிரித்தேனா என்று நினைவில்லை. கண்ணாடியைக் கழற்றித் துடைத்தது நினைவிருக்கிறது.

அடுத்த நிறுத்தத்தில் ஜெபமாலையைக் காட்டினார். "உம்மத் தாண்டையிலெல்லாம் எனக்கு மணி தப்பிப்போவும். எங்க விட்டேன்னு தெரியாது. அதனால அந்தப் பத்து மணியையும் மறுக்கா மொதல்லேர்ந்து சொல்லுவேன். மாதாவுக்குக் கூடுதல் வரும்படி."

"எத்தனை முறை?"

"பாத்தீரா, கேட்டுட்டீரே!" என்றார்.

இருபத்தொரு கம்பம் நடந்திருந்தோம். முப்பத்தைந்து நிமிடம் ஆகியிருந்தது. அவர் கை என் தோளில் கனத்துக்கொண்டே வந்தது. வாசல் பக்கமிருந்து காவலாளி எங்களைப் பார்த்துவிட்டு ஓடி வந்தார். ஐம்பது வயதுக்காரர், முன்பு பாடிப் பக்கத்தில் லாரி வேலைக்குப் போய்க்கொண்டிருந்தவர்.

"இன்னா பெரியவரே, இன்னா ஆச்சு? நெஞ்சப் புட்சிகினு வர்றாரு?"

"வாயுப்பா" என்றேன்.

"இன்னா வாயு? மூஞ்சியப் பாரு, சுண்ணாம்பு மாரி கீது. இவரப் போயி நடத்தி இட்டாந்துகினு கீறியே நைனா!"

ஆட்டோ உள்ளே வர முடியாது. வண்டிகள் நுழையாதபடி வாசலில் இரும்புக் குழாய் நட்டிருக்கிறார்கள். காவலாளி திரும்பி ஓடிப்போய்க் குப்பை அள்ளும் தள்ளுவண்டியைத் தள்ளிக்கொண்டு வந்தார்.

"குந்து நைனா. உள்ள பேப்பர் போட்டுக்கீறேன். சுத்தமாத்தான் கீது."

என் நண்பர் வண்டியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "அண்ணாச்சி, குப்ப வண்டியில ஏத்தியா என்ன அனுப்பப் போறீரு? ஏறினேன்னா செத்தாலும் உம்மகூடப் பேச மாட்டேன்."

"பேச வாணாம், குந்து" என்றார் காவலாளி.

ஏறினார். கால் வெளியே தொங்கியது. மீதிப் பன்னிரண்டு கம்பமும் காவலாளி தள்ள, நான் பக்கத்தில் வந்தேன். அந்தப் பன்னிரண்டு கம்பத்தில் என் எட்டு எத்தனை என்று எனக்குத் தெரியாது.

வாசலில் ஆட்டோ கிடைத்தது. பக்கத்தில் இருந்த ஒரு சின்ன மருத்துவமனைக்குப் போனோம். சீட்டு எழுதினார்கள், இ.சி.ஜி. எடுத்தார்கள். ஒரு பெண் டாக்டர், என் பேத்தி வயதிருக்கும், தாளைப் பார்த்தபடி, "எவ்ளோ தூரம் நடந்தார்?" என்று கேட்டார்.

"இருபத்தொரு கம்பம். ஆயிரத்துத் தொண்ணூத்திரண்டு எட்டு" என்றேன்.

அவர் தலைநிமிர்ந்து பார்த்தார். "நடக்க வெச்சிருக்கவே கூடாது, சார். ஒரு அடிகூட" என்றார். குரலில் கோபம் இல்லை. இருந்திருந்தால் நன்றாயிருக்கும்.

வரவேற்பில் இருந்த பெண்ணின் போனில் மனைவியைக் கூப்பிட்டு, ஓசூர் எண்ணை வாங்கி, மகனிடம் சொன்னேன். திரும்பி வந்தபோது நண்பர் கட்டிலில் சாய்ந்திருந்தார். மூக்கில் குழாய். "எதிர்ல டீக்கட இருக்கு. ரெண்டு டீ வாங்கிட்டு வாரும். ரெண்டு பேருமாக் குடிப்போம்" என்றார். நோயாளிக்கு டீ கொடுக்கலாமா என்று நான் யாரையும் கேட்கவில்லை. கேட்டால் கூடாது என்பார்கள் என்று தெரியும். வாங்கிக்கொண்டு வந்தேன். கட்டில் காலியாக இருந்தது. கண்ணாடிக் கதவுக்குப் பின்னால் கொண்டு போயிருந்தார்கள். இரண்டு கப்பையும் பிடித்துக்கொண்டு நின்றேன். கை சுட்டது, பிறகு சுடவில்லை.

அதன்பின் அவர் என்னிடம் பேசவில்லை. மாலையில் மகன் வந்து பெரிய மருத்துவமனைக்கு மாற்றினான். புதன்கிழமை விடியற்காலையில் போய்விட்டார். முதலிலேயே நடக்க விடாமல் கொண்டு வந்திருந்தால் பிழைத்திருப்பாரா என்று மகன் யாரையும் கேட்கவில்லை. நான் கேட்டேன். சொல்ல முடியாது என்றார்கள். எத்தனை சதவீதம் என்று கேட்டேன். அதற்கும் அதே பதில்.

அவர் மனைவியின் கல்லறையிலேயே அடக்கம். காலையில் மகன் என்னிடம் வந்து, "அங்கிள், காபிக்கு எத்தன பேருக்குச் சொல்லலாம்? உங்களுக்குத்தான் கரெக்டா தெரியும்" என்றான். அவனுக்கு எதுவும் தெரியாது; அவன் அப்பா சொல்லியிருக்கவில்லை.

"பெரிய டிரம்மா சொல்லுப்பா. மிஞ்சினா மிஞ்சட்டும்" என்றேன்.

டிரம் பக்கத்தில் வேறு யாரோ நின்றார்கள். நான் உள்ளே போய் அவர் தலைமாட்டில், என் மனைவிக்குப் பக்கத்தில் உட்கார்ந்தேன். அவர் விரல்களில் அதே ஜெபமாலையைச் சுற்றியிருந்தார்கள். எத்தனை பேர் வந்தார்கள் என்று எனக்குத் தெரியாது. மாலையில் என் மனைவி, நல்ல கூட்டம் இல்லையா என்று கேட்டாள். ஊரே வந்திருந்தது என்றேன்.

ஞாயிறுதோறும் ஆறு பத்துக்கு இப்போதும் போகிறேன். வாசலில் ஒரு நிமிடம் நின்றுவிட்டு, வலப்பக்கமாகத் திரும்புகிறேன். அந்தப் பக்கத்திலிருந்து முப்பத்து மூன்றாவது கம்பத்துப் பெஞ்சில் உட்கார்ந்து எழுகிறேன். அங்கிருந்து வந்த வழியே திரும்பிவிடுகிறேன். சுற்று முடிவதே இல்லை.

அன்றைய செலவைப் பழக்கத்தின்படி மருத்துவமனைச் சீட்டின் பின்னால் எழுதி வைத்திருக்கிறேன். ஆட்டோ நூற்றைம்பது. சீட்டு இருநூறு. இ.சி.ஜி. முந்நூறு. டீ இரண்டு, முப்பது. ஆக அறுநூற்று எண்பது ரூபாய்.